பொன்மலைக் குடியினர்

கி.பி. 164ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், மெம்மியஸ் என்னும் தொழிலாளி பொற்சுரங்க வேலைக்கு உடன்படிக்கை செய்துகொண்டான். நவம்பர் நடுப்பகுதிவரை வேலை. கூலி 70 வெள்ளிக் காசுகளும் உணவும். முதலாளியின் விருப்பத்துக்கு மாறாக வேலையை விட்டு நின்றால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தண்டம். வெள்ளம் புகுந்து வேலை நின்றால் அதற்கேற்பக் கூலி குறையும். தொழிலாளிக்கு எழுத்துத் தெரியாமையால், அவன் வேண்டியபடி தானே எழுதியதாக எழுதினவன் முதலிலேயே குறித்திருக்கிறான். மெழுகு பூசிய பலகையில் எழுதிய இவ்வோலை, பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலத்தடியிற் கிடந்து, 1786க்கும் 1855க்கும் இடையில் வேறு பல பலகைகளைப் போல வெளிப்பட்டது.

அது கிடைத்த ஊர் உருமேனியாவின் அல்பா மாவட்டத்திலுள்ள ரோஷியா மொன்டானா. அபுசேனி மலைகளுக்கிடையே பதினாறு சிற்றூர்கள் சேர்ந்த ஓர் உள்ளூராட்சிப் பிரிவு அது. ‘ரோஷியா’ என்றால் சிவந்தது என்பது பொருள். பழஞ்சுரங்கங்களிலிருந்து கசியும் நீர் கலப்பதால் அங்குள்ள ஓடை செந்நிறமாக ஓடுகின்றது.

கி.பி. 106இல் திராஜன் சக்கரவர்த்தி டேசியா நாட்டை வென்றபின், இலிரியாவிலிருந்து சுரங்கத் தொழிலறிந்தோர் இங்கு வந்து குடியேறினர். உரோமர் காலத்தில் உளியாற் குடைந்த வழிகள் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளமுடையவை. பதினெட்டாம் நூற்றாண்டில், ஆஸ்திரிய ஆட்சியின்போது, மலைச்சரிவுகளிற் குளங்கள் கட்டப்பட்டன. குளத்துநீர் சக்கரத்தைச் சுழற்ற, வரிசையாக நின்ற மர உலக்கைகள் பொன் கலந்த கல்லை இடித்தன. குடும்பங்கள் தத்தம் சுரங்கங்களைத் தாமே தோண்டி வாழ்ந்தன. பல இனத்தார் கூடிய ஊராதலால் ஐந்து கிறிஸ்தவ சபைகளுக்கும் தனித்தனிக் கோயில்கள் உண்டு. 1948இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2006இல் அரசாங்கச் சுரங்கம் மூடப்பட்டது.

அதற்கு முன்பே கனடிய நிறுவனமொன்று வந்திருந்தது. நான்கு மலைகளைத் தோண்டி, சயனைட்டு கொண்டு 300 தொன்னுக்கு மேற்பட்ட பொன்னைப் பிரித்தெடுப்பது அதன் திட்டம். அருகிலுள்ள கொர்னா பள்ளத்தாக்கு கழிவுத் தேக்கமாகும். வீடுகளும் சில கோயில்களும் கல்லறைகளும் பெயர்க்கப்படும். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பாயா மாரே நகருக்கருகே சயனைட்டுக் கழிவு அணையுடைத்துத் திஸா, டன்யூப் நதிகளிற் பாய்ந்து மீன்களை மாய்த்திருந்தது. அதனை உருமேனியர் மறக்கவில்லை.

ஊர் இரண்டாகப் பிளந்தது. பலர் வீட்டை விற்றுவிட்டு அல்பா யூலியா நகரத்திற் குடியேறினர். சிலர் விற்க மறுத்தனர். விற்றவரை நாம் பழித்தற்கில்லை. சுரங்கமின்றி வேறு வேலை அரிதான ஊரில், பிள்ளைகளை வளர்ப்பவனுக்கு மலையின் பழமை சோறிடுமா? எனினும், மறுத்த சிலரின் குரல் 2013இல் புக்கரெஸ்ட் வீதிகளில் பல்லாயிரவர் குரலாயிற்று. அவ்வாண்டே செனட் சபை திட்டத்துக்கான மசோதாவை நிராகரித்தது. 2021இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுரிமையாகவும், அப்போதே ஆபத்துக்குள்ளான மரபுரிமையாகவும் பதிவு செய்தது. நிறுவனம் கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு கோரித் தொடுத்த வழக்கு 2024இல் தள்ளுபடியாயிற்று.

ஊரில் வெறுமையாய் நிற்கும் வீடுகள் பல. கோடையில் தொண்டர்கள் வந்து கூரைகளைச் செப்பனிடுகின்றனர். பெண்கள் சிலர் கம்பளி ஆடை பின்னி விற்கின்றனர். பொன்னோ இன்னும் மலையின் வயிற்றிலேயே கிடக்கின்றது.