கார் இல்லாமல் ராமேஸ்வரம்

1988 அக்டோபர் 2 வரை ராமேஸ்வரம் தீவுக்குள் சாலை வழியாக யாரும் வந்ததில்லை. பாம்பன் கடல்மேல் கட்டிய சாலைப் பாலத்தை அன்றுதான் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்கு முந்தைய எழுபத்து நான்கு வருடங்கள், மிராசுதாரானாலும் கூலிக்காரரானாலும் ரயிலேறித்தான் கடலைத் தாண்ட வேண்டும். 1914-க்கு முன்போ படகுதான். கோயிலும் அதைச் சுற்றிய ரத வீதிகளும் நடந்து வருகிறவர்களை நம்பி வளர்ந்தவை. ஆனால் இன்று திண்டிவனத்தில் யாராவது ராமேஸ்வரம் போகவேண்டும் என்று வாயெடுத்தால், "வண்டி சொல்லியாச்சா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

"பாட்டிக்கு முட்டி வலி. சின்னப் பிள்ளைங்க வேற இருக்குது. வேன் இல்லாம எப்படிங்க போறது?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்லலாம். திண்டிவனத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் வேன் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து வருவது முட்டிக்கு நல்லதா, ரயிலில் கீழ்ப் படுக்கையில் காலை நீட்டிப் படுத்து வருவதா? கழிப்பறைக்கு அவசரம் என்றால் வேனில் அடுத்த பெட்ரோல் பங்க் வரும்வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதை வெளியே சொல்லாமல், பயணத்தன்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் கார் இல்லாத பயணத்தின் முதல் வேலை, கீழ்ப் படுக்கையை உறுதிசெய்வது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ போவதாக இருந்தால், அறுபதாவது நாள் காலையிலேயே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். குடும்பத்தில் ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு, பாட்டிக்கு நடுப் படுக்கை வந்துவிட்டதே என்று பெட்டியில் ஏறிய பிறகு புலம்புவதில் பயனில்லை. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட் என்று எடுப்பதே நல்லது.

தெற்கே போகும் எல்லா ரயிலும் திண்டிவனத்தில் நிற்பதில்லை. அதில் மனம் தளரத் தேவையில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுப்புரம். இந்த ஜங்ஷன் பக்கத்தில் இருப்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை நாம் உணர்வதே இல்லை. சென்னை, கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைகளுக்கு இங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. ராமேஸ்வரத்துக்கே மூன்று வழி இருக்கிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போவது குறுக்கு வழி. சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவது பழைய மெயின் லைன். மூன்றாவது, மயிலாடுதுறையில் பிரிந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று டெல்டாவின் கடலோரத்தை ஒட்டிப் போகும் வழி. 2025-ல் தொடங்கிய தாம்பரம் - ராமேஸ்வரம் ரயில் இந்த மூன்றாவது வழியில் ஓடுகிறது. மூன்றும் காரைக்குடியில் சேர்ந்து, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபத்தை அடைகின்றன. ஒரு வழியில் இடம் இல்லையென்றால் இன்னொன்றைப் பார்க்கலாம்.

மண்டபத்தைத் தாண்டினால் கடல். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 145 தூண்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பாலத்தை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். காற்றின் வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் கரையிலேயே நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாலத்தின் பெரும்பகுதியும் சிதைந்தது. அதை 46 நாளில் சீரமைத்தவர் அன்று இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். நூறு வயது தாண்டிய அந்தப் பாலம் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாக, மூட்டை முடிச்சோடு கரையிலேயே இறங்கி பஸ் பிடித்துத்தான் தீவுக்குப் போக முடிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் போல அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியலில் இந்தப் பாலத்தைக் கடக்கலாம். பிள்ளைகளை எழுப்பி ஜன்னலோரம் உட்காரவையுங்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ உண்டு, ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்வது நல்லது. கோயில் வீதிகளை ஒட்டி அறை எடுத்தால், அதன் பிறகு தீர்த்தமாடவும் சாமி கும்பிடவும் எந்த வண்டியும் வேண்டாம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கடலில் அக்னி தீர்த்தம். அங்கே முழுகிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியால் சர்ரென்று மொண்டு, வரிசையாக வருகிறவர்கள் தலையில் ஊற்றுவார். ஒரு வாளியில் நாலு பேர் நனைவார்கள். அடுத்த கிணற்றுக்கு நடக்கும் வழியெல்லாம் கல் தரை, ஆயிரக்கணக்கானவர்கள் சொட்டிவிட்டுப் போன ஈரம். முட்டி வலிக்காரருக்கு உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது, இதில் கார் ஓர் உதவியும் செய்யாது. பக்கத்தில் கை பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவசரப்படுத்தாத குடும்பம் வேண்டும். முடியாதவர்கள் அக்னி தீர்த்தத்தோடு நிறுத்திக்கொண்டு தரிசனத்துக்குப் போவதில் குறை ஒன்றுமில்லை. தீர்த்தமாடி முடித்ததும் துணி மாற்றிய பிறகே சந்நிதி. ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணி, ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, இவை போதும். செல்போனைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குத்தான் கார் கட்டாயம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் மணலில் ஜீப்பும் வேனும்தான் போகும். 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்துவிட்டது, அரசு பஸ் போகிறது. இடது பக்கம் அலையடங்கிய பாக் நீரிணை, வலது பக்கம் சீறும் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள், நடுநடுவே மீனவர் குடிசைகள். மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் பெண்களையும் பார்க்கலாம். மாலைக்கு மேல் அங்கே இருக்க அனுமதி இல்லை, நிழலும் இல்லை. அதனால் காலை டிபன் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். குடிதண்ணீர், குடை கையில் இருக்கட்டும். இறங்கியதுமே திரும்பும் பஸ் எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு இன்னொரு சொல். புயல் சின்னம் உருவானால் பாலத்தில் ரயில் நிற்கலாம், தனுஷ்கோடி சாலையை மூடலாம். ஒரு நாள் கூடுதலாகத் தங்கக் கையில் காசும் மனதில் பொறுமையும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் தை, மாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

அமாவாசை நாள்களில் அந்தச் சின்ன ஊருக்குள் வேனும் காரும் அடைத்துக்கொண்டு, நடப்பவர்களுக்கு வழியில்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தர்ப்பணம் கொடுக்க வந்த முதியவர்கள் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒதுங்க இடம் தேடுகிறார்கள். இதற்கு ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் நகராட்சியும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அதிகாலையில் வந்து சேரும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷன் வாசலில் ஒரு டவுன் பஸ் காத்திருக்க வேண்டும். அரிச்சல்முனையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஊரெங்கும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அறை எடுக்காமல் ஒரே நாளில் திரும்புகிறவர்கள் பையை நம்பி வைத்துவிட்டுப் போக கோயில் பக்கத்தில் போதுமான இடம் வேண்டும். இவற்றுக்கு இன்னொரு பாலம் கட்டும் செலவு ஆகாது. ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசும் முன், இந்த மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுதிப் போட்டாலும் நல்லதுதான்.