காஞ்சியில் தஞ்சம் புகுந்த இலங்கை இளவரசர்: பல்லவர் படை 2 முறை கடல் கடந்தது ஏன்?

நாட்டை விட்டு ஓடிவந்த ஓர் அரச வாரிசு. அவரது நாட்டில் ஆட்சியைக் கையில் வைத்திருக்கும் ஒரு தளபதி. வாரிசைத் திருப்பி அனுப்பலாமா என்று கணக்குப் போடும் ஒரு பக்கத்து அரசு. இன்றைய உலகச் செய்தி மாதிரி இருக்கிறதா? இது 7-ம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் நடந்த கதை. செய்யாற்றங்கரை மாகறலில் சம்பந்தர் பதிகம் பாடியதும் அதே நூற்றாண்டில்தான்.

யார் இந்த மானவர்மன்?

அநுராதபுரத்தை ஆண்ட இரண்டாம் காசியப்பனின் மகன். தந்தைக்குப் பிறகு இரண்டாம் தாதோபதிஸ்ஸன் அரியணையைப் பிடிக்க, மானவர்மன் முதலில் தலைமறைவானார். பிறகு மனைவி சங்காவோடு பல்லவ மன்னர் நரசிம்மவர்மனிடம் வந்து சேர்ந்தார். இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான சூளவம்சம் இதைச் சொல்கிறது.

பல்லவர்கள் ஏன் உதவினார்கள்?

சும்மா இல்லை. அப்போது பல்லவர்களின் பெரிய தலைவலி சாளுக்கியர்கள். காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மணிமங்கலம் வரை போர் வந்துவிட்டது. 'உங்கள் உயிருக்கு ஆபத்து, இங்கேயே இருங்கள்' என்று மன்னர் தடுத்தும் மானவர்மன் களத்துக்குப் போய்ச் சண்டையிட்டார் என்கிறது சூளவம்சம். அந்த விசுவாசத்துக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் படை. தவிர, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நட்பு அரசு இருப்பது காஞ்சிக்கும் லாபம்.

முதல் முயற்சி தோற்றது எப்படி?

தலைநகரைப் பிடித்தாகிவிட்டது. தாதோபதிஸ்ஸனும் ஓடிவிட்டார். ஆனால் நரசிம்மவர்மனுக்கு உடல்நிலை மோசம் என்ற செய்தி வந்ததும் பல்லவப் படை ஊர் திரும்பியது. படை இரவல்தானே? மானவர்மன் மறுபடி காஞ்சிக்கே வர வேண்டியதாயிற்று. அடுத்த வாய்ப்புக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் காத்திருந்தார்.

அங்கே ஆட்சி யார் கையில் இருந்தது?

நான்காம் அக்ரபோதி இறந்ததும், அவரிடம் பணியாற்றிய பொத்தகுட்டன் என்ற செல்வாக்கு மிக்க தமிழர் நிர்வாகத்தைக் கைப்பற்றினார். இளவரசர் ஒருவரைச் சிறையில் அடைத்தார். அவர் அரியணை ஏறவில்லை. அரச குலத்தைச் சேர்ந்த தத்தன், அவருக்குப் பின் ஹத்ததாடன் என இருவரை அடுத்தடுத்து உட்கார வைத்தார். கிரீடம் ஒருவர் தலையில், அதிகாரம் இன்னொருவர் கையில்.

இரண்டாவது முறை என்ன மாறியது?

இந்த முறை படையோடு கப்பல்களும் வந்தன. மன்னர் இல்லாமல் வீரர்கள் கடல் கடக்கத் தயங்கியதால், அரச சின்னங்களை மானவர்மனிடம் கொடுத்து, மன்னரே கப்பலில் ஏறியதாக அவர்களை நம்ப வைத்தார்களாம். அநுராதபுரம் விழுந்தது. ஹத்ததாடன் கொல்லப்பட்டார். தப்பியோடிய பொத்தகுட்டனும் பிழைக்கவில்லை. பொதுவாக இது கி.பி. 684 எனக் குறிக்கப்படுகிறது. முதலாம் நரசிம்மவர்மன் காலம் 668-ல் முடிவதால், இரண்டாவது படையை அனுப்பியது எந்தப் பல்லவர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதலாம் நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியைக் காசாக்குடிச் செப்பேடும் பேசுகிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இந்தக் கதையைத் தமிழர் - சிங்களர் சண்டையாக வாசிக்க முடியாது. சிங்கள இளவரசரை அரியணையில் ஏற்றியது காஞ்சியின் படை. அவர் வீழ்த்தியது ஒரு தமிழ்த் தளபதியை. அந்தத் தளபதி ஆண்டதோ சிங்கள அரச குலத்தவரின் பெயரில். யார் யார் பக்கம் என்பதை இனம் தீர்மானிக்கவில்லை, அதிகாரம்தான் தீர்மானித்தது.

1950-ல் ராணாக்களின் பிடியிலிருந்து தப்பிய நேபாள மன்னர் திரிபுவன், காத்மாண்டுவில் இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து டெல்லி வந்தார். 1951 பிப்ரவரியில் அவர் திரும்பிப் போனது படையோடு அல்ல, டெல்லியில் எட்டிய சமரசத்தோடு. மானவர்மனுக்கு அப்படி ஒரு மேசை இல்லை. ஆனாலும் 35 ஆண்டுகள் ஆண்டார் என்கிறது சூளவம்சம். அவர் தொடங்கிய அரச மரபு, சோழர்கள் வரும்வரை சுமார் 300 ஆண்டுகள் நீடித்தது.