செக்குக்கு முந்திய இயந்திரம்

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரைப் பாண்டியன் வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்திய கதை மதுரைச் சீமை முழுக்கத் தெரிந்தது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்பது குற்றம். ஆனால் அந்தத் தண்டனையை விரித்துச் சொல்பவர்கள், நூற்றாண்டுகள் கழித்துப் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் போன்றவர்களே. தண்டனையை அனுபவித்தவரே எழுதிவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, சிவஞான போதத்துக்கு உரை கண்ட இன்னொரு சைவரான வ.உ. சிதம்பரனாரின் சுயசரிதை சான்று. அவர் காலமானது 1936 நவம்பர் 18; சுயசரிதை நூலானது 1946இல்.

ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியவருக்கு, 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை, 40 ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். இந்தச் சிறைவாசத்திலிருந்து நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும் எடுத்துக்கொண்டது செக்கு ஒன்றைத்தான். சுயசரிதையில் செக்குக்கு முன்பே கோவைச் சிறையின் சணல் இயந்திரம் வருகிறது. அதைச் சுற்றிச் சுற்றிக் கைத்தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. அதைப் பார்த்த ஜெயிலர், மாட்டுக்குப் பதிலாக வெயிலில் செக்குத் தள்ள அனுப்புகிறான். புண்ணான கைக்கு அதிகாரம் தந்த மாற்று வேலை அது! தனியாகப் பார்த்தால் செக்கு ஒரு தியாகச் சின்னம். இந்த வரிசையில் வைத்தால், சிறை ஒரு மனிதனை நாள்தோறும் எப்படி நடத்தியது என்பது தெரிகிறது. நூலின் அருமை இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அகவல் யாப்பில் பாடிய இந்தச் சுயசரிதையை ஆவணமாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். சிலப்பதிகாரக் காலத்திலிருந்து தமிழில் கதை சொல்ல வாகான யாப்பு அது. செய்யுள் என்பதாலேயே பொய்யாகிவிடாது. தன்னைப் பற்றித் தானே எழுதினால் பக்கச் சார்பு இருக்காதா என்பது இதைவிட வலுவான கேள்வி. இருக்கும்தான். ஆனால் நீதிபதியின் தீர்ப்பும் அரசாங்கக் கோப்புகளும் மட்டும் சார்பற்றவையா? அவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. எதிர்த்தரப்பும் சாட்சிக் கூண்டேறினால்தான் ஒப்பிட முடியும். செத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதும் உண்மை. அதே நேரத்தில், அவரை மிரட்டி வாக்குமூலத்தைத் திருத்தவும் முடியாது. சீனத்தில் தியனன்மென் மாணவர்கள்மீது படையை ஏவ மறுத்துப் பதவியிழந்த ஜாவோ ஸியாங், வீட்டுக் காவலில் இருந்தபடி பழைய பாட்டுக் கேசட்டுகளின்மேல் ரகசியமாகப் பேசிப் பதிந்தார். 2005இல் அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்தே அது நூலாயிற்று.

சென்னை காந்தி மண்டபத்தில் வ.உ.சி. இழுத்த செக்கைப் பார்க்கலாம். அந்தச் சணல் இயந்திரத்தைப் பார்க்க அவருடைய அகவலைத்தான் புரட்ட வேண்டும்.