உங்களுக்குத் தெரியுமா? தவறணைச் சட்டத்துக்கு நூறு தாண்டிவிட்டது

இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் இன்று ஒரு மதுக்கடை திறக்க வேண்டுமென்றாலும், ஆங்கிலேயர் 1912-இல் இயற்றிய சட்டத்தின்படிதான் அனுமதி எடுக்க வேண்டும். அந்த ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

• அதற்கு முன் குத்தகை. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் விடும். கூடக் கேட்டவருக்கே கடை. அரிப்புக்கு இந்த முறை பழக்கமானதுதான். ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட மாளிகை கட்டிய கரை இது. இங்குள்ள முத்துப் பார்களையே 1906-இல் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள்.

• புதிய முறையில் கள்ளுக்கு வேறு கடை, சாராயத்துக்கு வேறு கடை. சனம் சாராயத்தை விட்டுக் கள்ளுக்கு மாறும் என்பது துரைமாரின் கணக்கு. தவறணைகள் பெருகின, மதுவிலக்கு இயக்கம் மூண்டது. அதில் முன்னின்ற டி. எஸ். சேனநாயக்க 1915 கலவரத்தையொட்டிச் சிறை போனார், 1947-இல் நாட்டின் முதல் பிரதமரானார். சட்டமோ இருந்த இடத்தில் இருந்தது.

• பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர். தடவாவிட்டால் கள். பனை ஒன்றுதான்.

• 2018 ஜனவரியில் இதே சட்டத்தின் கீழ் பெண்கள் மதுபானம் வாங்குவதற்கிருந்த தடையை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார்.