பொறுப்பு யாருடையது, கணக்கு யாருடையது? – பெருநிறுவன சமூகப் பொறுப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர், குடிநீர்த் தொட்டி, பேருந்து நிழற்குடை, கண் சிகிச்சை முகாமின் தட்டி – எங்கு பார்த்தாலும் ஒரு கம்பெனியின் பெயரும் அதன் கீழே 'சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து' என்ற வரியும் இருக்கின்றன. பெருநிறுவன சமூகப் பொறுப்பு என்று இதைத் தமிழ்ப்படுத்துகிறார்கள். நம்மில் பலருக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. தன்னார்வ நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு மாதச் சம்பளமே இதிலிருந்துதான் வருகிறது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "ஏதோ நாலு பேருக்கு நல்லது நடக்குதுல்ல, விடுங்க." மற்றது, "எல்லாம் சுத்த ஏமாத்து." முதலாவது நம்மை நன்றியுள்ளவர்களாக ஆக்கிவிடுகிறது. இரண்டாவது, யோசிக்க வேண்டிய சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இந்தச் சொல்லாடல் எங்கிருந்து வந்தது, அதன் அளவுகோல்கள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்று பார்க்கலாம்.

'பொறுப்பு' என்ற சொல்லின் வேர் 'பொறு'. அதற்குச் சுமையைத் தாங்குதல் என்றும் பொருள், அடுத்தவன் செய்த பிழையைச் சகித்துக்கொள்ளுதல் என்றும் பொருள். யார் சுமக்கிறார்கள், யார் பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

2

மேலாண்மைப் பாடநூல்களில் இந்தக் கதை 1953இல் தொடங்கும். அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் அந்த ஆண்டில் வணிகனின் சமூகப் பொறுப்புகள் குறித்து நூல் எழுதினார். 1970 செப்டம்பரில் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் அதற்கு நேர் எதிராக எழுதினார்: விதிகளை மீறாமல் லாபத்தைப் பெருக்குவது ஒன்றுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு, மற்றதெல்லாம் அடுத்தவர் காசில் செய்யும் தர்மம். 1991இல் ஆர்ச்சி கரோல் ஒரு பிரமிடு வரைந்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார். அடித்தளத்தில் லாபம், அதன்மேல் சட்டம், அதன்மேல் அறம், உச்சியில் கொடை. இப்படித் தத்துவவாதிகள் ஒருவரோடொருவர் விவாதித்து வளர்த்தெடுத்த கருத்தாக இது நமக்குச் சொல்லப்படுகிறது.

இதே வரலாற்றை வேறு தேதிகளை வைத்தும் எழுதலாம். 1984 டிசம்பரில் போபால். அதற்கு அடுத்த ஆண்டு கனடாவின் இரசாயன உற்பத்தியாளர்கள் 'பொறுப்புள்ள பராமரிப்பு' என்ற தன்னார்வ நெறிமுறையை அறிவித்தார்கள். 1988இல் அமெரிக்க நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டன. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து அலாஸ்காவின் கடலில் எண்ணெய் கொட்டியது. அதைத் தொடர்ந்து 'செரெஸ்' என்ற அமைப்பு தன் நெறிகளை வெளியிட்டது. அதே அமைப்பின் முன்முயற்சியில்தான் 1997இல் ஜி.ஆர்.ஐ. பிறந்தது. இன்று உலகம் முழுக்க நிறுவனங்கள் தங்கள் 'நிலைத்தன்மை அறிக்கை'களை எழுதப் பயன்படுத்தும் படிவம் அதனுடையதுதான். சொல்லப்போனால், பொறுப்பின் வரலாறு பேரழிவுகளின் வரலாறாக இருக்கிறது. பிணங்கள் விழுந்த பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய படிவம் வந்திருக்கிறது.

பாடநூல்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1972 டிசம்பரில் சிலியின் அதிபர் சல்வதோர் அயெந்தே ஐ.நா. பொதுச்சபையில் நின்று, பன்னாட்டு நிறுவனங்கள் எந்த மக்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல் நாடுகளின் தலைவிதியைத் தீர்மானிப்பதைக் குறித்துப் பேசினார். மறு ஆண்டே அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. மூன்றாம் உலக நாடுகளின் அழுத்தத்தால் ஐ.நா.வில் பன்னாட்டு நிறுவனங்களுக்கென்று ஓர் ஆணையமும் மையமும் அமைந்தன. அவற்றுக்கான நடத்தை விதித்தொகுப்பு ஒன்றைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகள் போல் பேச்சுவார்த்தை நடந்தது. 1992இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது, மையமும் மூடப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2000இல், அதே ஐ.நா. 'உலக உடன்பாடு' என்ற ஒன்றைத் தொடங்கியது. அதில் நிறுவனங்கள் விரும்பினால் சேரலாம், ஆண்டுதோறும் அறிக்கை தரலாம். விதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் விருப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. சமூகப் பொறுப்பு என்ற சொல்லாடல் செல்வாக்குப் பெற்ற காலமும், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் கனவு கைவிடப்பட்ட காலமும் ஒன்றுதான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

3

விருப்பம் என்றான பிறகு, நம்பிக்கை ஏற்படுத்த அளவீடு தேவைப்படுகிறது. 1994இல் ஜான் எல்கிங்டன் 'முப்பரிமாண அடிக்கோடு' என்ற கருத்தை முன்வைத்தார். வரவுசெலவின் கடைசி வரியில் லாபத்தோடு மனிதர்கள், பூமி என்ற இரண்டு கணக்குகளும் சேர வேண்டும் என்பது அதன் சாரம். 2018இல் அவரே, பழுதான காரைக் கம்பெனி திரும்பப் பெறுவது மாதிரி, தன் கருத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். முதலாளியத்தை மாற்றுவதற்காகச் சொன்னதைக் கணக்குப்பிள்ளையின் கருவியாக்கிவிட்டார்கள் என்பது அவரது ஆதங்கம்.

எதை அளக்கிறார்கள்? 2012 ஆகஸ்டில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலைக்கு எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கென்றே 1997இல் உருவாக்கப்பட்ட சர்வதேசத் தரச்சான்று அது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 11ஆம் தேதி அந்த ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் ஜன்னல்களில் கம்பி போட்டிருந்ததும், வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்ததும் தீ வைத்தவன் செய்த வேலை அல்ல. சான்றிதழ் தந்த கண்கள் பார்த்திருக்க வேண்டியவை அவை.

வோல்க்ஸ்வாகன் கதை இன்னும் வேடிக்கை. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு மோட்டார் வாகனத் துறையில் அந்நிறுவனத்துக்கு முதலிடம் தந்தது. அதே மாதம், புகைச் சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி கார்களில் மென்பொருள் வைத்திருந்தது அம்பலமானது. இதை மோசடி என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் காரும் நிலைத்தன்மை அறிக்கையும் ஒரே வேலையைத்தான் செய்தன. அளக்கப்படுகிறோம் என்று தெரிந்த நேரத்தில் நல்லபிள்ளையாக நடந்துகொண்டன.

இன்று புழங்கும் ஈ.எஸ்.ஜி. தரமதிப்பீடுகளின் தர்க்கம் இன்னும் நுட்பமானது. அவற்றில் பெரும்பாலானவை கம்பெனியால் உலகத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்பதில்லை, உலகத்தால் கம்பெனியின் லாபத்துக்கு என்ன ஆபத்து என்றே கேட்கின்றன. ஆறு வற்றுவது அங்கே தண்ணீர் கிடைக்காத 'இடர்'. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கொடையை அளப்பது நமக்குப் புதிது அல்ல. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு துல்லியமாக இருக்கும். கொடுத்தவர் பெயர், ஊர், நிலத்தின் நான்கெல்லை எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். கொடுக்கப்பட்ட செல்வம் யார் உழைப்பில் சேர்ந்தது என்பதற்கு அந்தக் கல்லில் இடம் இல்லை. கொடையின் கணக்கு எப்போதும் கொடுத்த கணத்திலிருந்துதான் தொடங்குகிறது. நிழற்குடையின் பெயர்ப்பலகை அந்தக் கல்லின் வாரிசு.

4

இந்தியாவில் இந்தக் கணக்கு சட்டமாகவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் – இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் சில விஷயங்கள் பிடிபடும். வழக்கமான வணிக நடவடிக்கையாகச் செய்யும் எதுவும் சமூகப் பொறுப்பில் சேராது. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுவதும் சேராது. கேட்டால், கடமையைக் கொடையாகக் காட்டிவிடக் கூடாது என்பார்கள்; அதில் நியாயம் உண்டு. ஆனால் விளைவு என்ன? கூலி, வேலை நேரம், கழிவுநீர், நிலம் கையகப்படுத்திய விதம் எல்லாம் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு வெளியே போய்விடுகின்றன. லாபம் எப்படி வந்தது என்பது ஒரு துறை, லாபத்தில் இரண்டு சதவீதம் எங்கே போனது என்பது இன்னொரு துறை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை.

யார் தீர்மானிக்கிறார்கள்? நிறுவனத்தின் இயக்குநர் குழு. கண்காணிப்பது? அதே இயக்குநர் குழுவும் அதன் கமிட்டியும். 2021 முதல், ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் செலவிடும் கடமை உள்ள நிறுவனங்கள் தங்கள் பெரிய திட்டங்களின் 'தாக்க மதிப்பீட்டை'ச் சுயேச்சையான அமைப்பைக் கொண்டு செய்ய வேண்டும். அந்த அமைப்பை நியமித்துக் கூலி தருவதும் கம்பெனிதான். அந்தக் கூலியையும் ஒரு வரம்புக்குள் சமூகப் பொறுப்புச் செலவிலேயே எழுதிக்கொள்ளலாம். மதிப்பெண் போடுகிறவருக்குச் சம்பளம் தருவது பரீட்சை எழுதுகிறவர்.

அரசும் இந்தக் கணக்கில் பங்காளி. 2016–17இல் ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் குஜராத்தின் படேல் சிலைக்கு 146.83 கோடி ரூபாயைச் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுத்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. 2020 பெருந்தொற்றின்போது பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குத் தந்தால் சமூகப் பொறுப்பு, மாநில முதலமைச்சரின் நிவாரண நிதிக்குத் தந்தால் அது கணக்கில் வராது என்று மத்திய அமைச்சகம் விளக்கம் தந்தது. சமூகம் என்றால் எது, அது டெல்லியில் இருக்கிறதா சென்னையில் இருக்கிறதா என்பதும் ஒரு சுற்றறிக்கையில் முடிவாகிவிடுகிறது.

தூத்துக்குடியை இங்கே நினைத்துக்கொள்வது அவசியம். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொன்ன சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. சூழல் கெட்டதை ஒப்புக்கொண்டு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. நாட்டுக்குத் தாமிரம், வேலைவாய்ப்பு, வருவாய் என்ற நன்மைகளை எடை போட்டு ஆலை இயங்கலாம் என்றது. 2018 மே 22இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்து, மூன்றாண்டுகளில் 100 கோடி ரூபாயை அந்த வட்டார மக்களின் நலப்பணிகளுக்குச் செலவிடச் சொன்னது. இந்த உத்தரவை 2019 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நீக்கியது. கடைசியில் 2024 பிப்ரவரி 29இல் அதே நீதிமன்றம் ஆலையை மூடியது சரி என்றது.

இரண்டு தடவை நூறு கோடி. முதல் தடவை இழப்பீடு என்ற பெயரில், இரண்டாம் தடவை நலப்பணி என்ற பெயரில். பெயர்கள் இடம் மாறிக்கொள்வதுதான் கவலைக்குரியது. தீங்கை ஒரு தொகையாக எழுத முடிந்துவிட்டால், தொகையைக் கொடுத்துத் தீங்கைத் தொடரலாம். "காசு குடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுபோச்சு" என்ற மொழி அது. மக்கள் கேட்டது தொகை அல்ல. ஆலை வேண்டாம் என்றார்கள். 'வேண்டாம்' என்று எழுத எந்த அளவீட்டுப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

5

அப்படியானால் அளவீட்டையே தூக்கி எறிந்துவிடலாமா? அது நமக்குத்தான் நஷ்டம். எண்களை அவர்களிடம் விட்டுவிட்டு அறச்சீற்றத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வது எழுத்தாளர்களுக்கு வசதியான ஏற்பாடு, அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வறட்சி நிவாரண வேலைகளின் வருகைப் பதிவேடுகளைக் கிராமத்தார் முன்னால் உரக்கப் படித்தார்கள். செத்தவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது, கட்டாத கட்டடத்துக்குச் செலவு எழுதப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுந்து நின்று 'இது பொய்' என்றார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் கோஷம். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராமசபையின் சமூகத் தணிக்கை இடம்பெற்றதற்கும் அங்கிருந்து ஒரு பாதை போகிறது. இந்தியாவில் 'சமூகத் தணிக்கை' என்ற பெயரில் டாடா இரும்பு எஃகு நிறுவனம் 1980 வாக்கிலேயே ஒரு குழுவை அமர்த்தித் தன்னைத்தானே ஆராயச் செய்திருந்தது. ஒரே சொல், இரண்டு அர்த்தங்கள். ஒன்றில் அளக்கப்படுகிறவர் அளப்பவரைத் தேர்ந்தெடுக்கிறார். மற்றதில் பாதிக்கப்பட்டவர்களே அளக்கிறார்கள்.

ஆலைக்குள்ளும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1100க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. கட்டடச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட வேண்டும், பழுதுகளைச் சரிசெய்தாக வேண்டும். நம் பக்கத்தில், ஓர் ஆலையின் தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, தலித் பெண்கள் தலைமையிலான ஒரு சங்கம் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலியல் அத்துமீறலைக் கவனித்துச் சொல்வது வருடத்துக்கு ஒருமுறை காரில் வந்துபோகும் தணிக்கையாளர் அல்ல, பயிற்சி பெற்ற சக தொழிலாளியே. வேலை செய்கிறவளின் கண் அளவுகோலாகும்போது, கதவு பூட்டியிருக்கிறதா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களின் கதவை நேரடியாகத் தட்டாது. ஆக, இரண்டு சதவீதத்தின் கணக்கைக்கூட கிராமசபை கேட்டு வாங்க வழியில்லை. இயக்கங்கள் முதலில் எழுப்ப வேண்டிய கோரிக்கை இதுவாகத்தான் தோன்றுகிறது: எந்த ஊரில் செலவிடப்பட்டதாக எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த ஊரின் கிராமசபை முன்னால் அந்தக் கணக்கு வாசிக்கப்பட வேண்டும். அதே கூட்டத்தில், அதே நாளில், ஆலை எடுத்த தண்ணீரின் கணக்கும் விட்ட கழிவின் கணக்கும் வாசிக்கப்பட வேண்டும்.

அந்தப் பணத்தை வாங்கலாமா கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. வாங்குகிறவர்கள் கேட்கும் உரிமையை விற்காமல் வாங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. நன்றி சொல்லும் மேடையில் நின்றுகொண்டு கழிவுநீரைப் பற்றிப் பேச முடிந்தால் வாங்கிக்கொள்ளலாம். பேச முடியவில்லை என்றால், வாங்கியது கழிப்பறை இல்லை. நம் மௌனத்துக்கான விலையைத்தான் வாங்கியிருக்கிறோம்.