கமுதித் தாலுகாவும் ஒரு முறையீடும்

மிளகாய் வத்தல் தரம் பிரிக்கும் கிட்டங்கியிலோ, கரிமூட்டத்திலோ, கடைவீதியின் ஜவுளிக்கடையிலோ நித்தியக் கூலிக்கு நிற்கும் இராமநாதபுரம் மாவட்டக் கமுதிப் பெண்ணொருத்தியிடம் முதலாளியோ கணக்கப்பிள்ளையோ ஆபாசமாகப் பேசினால், அல்லது கையைப் பிடித்திழுத்தால், அவள் வேலையை விட்டுவிடுவதே சாமர்த்தியம் என்பதுதான் ஊரில் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். சட்டத்தின் அபிப்பிராயம் வேறு.

ராஜஸ்தானத்தின் பட்டேரி கிராமத்தில், பாலிய விவாகத்தைத் தடுக்க முயன்றதற்காக, அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணிபுரிந்த பன்வாரி தேவி 1992இல் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அதன் விளைவாக எழுந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளே பின்னர் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும், முதலாளி மீதே எழும் புகாருக்கும், மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் கிடைக்கும். ஆறு பிரதிகளும் சாட்சிகளின் பெயர், விலாசமும் கேட்கிறது விதி. கூலிக்காரியிடம் ஆறு பிரதி கேட்பது சற்று அதிகந்தான். ஆயினும் எழுத இயலாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டுமென்றும் அதே சட்டம் விதிக்கிறது. நடந்த அன்றே நாள், நேரம், இடம், சொன்ன சொல், அருகிலிருந்தவர் யாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பதும், கைபேசிக்கு வந்த செய்தியை அழிக்காதிருப்பதும், நெருங்கிய ஒருவரிடம் உடனே சொல்லிவைப்பதும், பின்னால் விசாரணையில் பெரும்பலம் தரும். நிரூபிக்க முடியாமற் போவதே பொய்ப்புகார் ஆகிவிடாதென்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

பதவி பெரிதென்று அஞ்சவும் வேண்டியதில்லை. 2021இல் காவல்துறையின் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட பெண் எஸ்.பி.யின் காரைச் செங்கல்பட்டருகே வழிமறித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. மறித்த அதிகாரிக்கோ ஐந்நூறு ரூபாய் அபராதம் மட்டுமே. அந்த அபராதம் போதாதென்பது என் கருத்து.

புகாரைப் பெற்று ஏழு நாளில் குழுவுக்கு அனுப்பத் தாலுகாதோறும் ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டுமென்பது சட்டம். அதை நிறைவேற்றும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கமுதித் தாலுகாவுக்குரிய அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பேருந்து நிலையத்திலும் வத்தல் கிட்டங்கிகளிலும் தமிழில் பெரிதாக எழுதிவைக்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.