நகல் இருந்தும் தொலைந்தது

மட்டாஞ்சேரியில் ஜூத் தெருப் பக்கம் போய் வந்தவர்களுக்கு மிளகு, சுக்கு வாசனையோடு இன்னொன்றும் நினைவிருக்கும். பழைய பாண்டிகசாலைகளில் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடுகள். நான் வேலைக்குச் சேர்ந்த மசாலா ஏற்றுமதி நிறுவனத்தில் அப்படி இரண்டு பேரேடுகள் இருந்தன. ஒன்று மட்டாஞ்சேரி கிடங்கில், மற்றது எறணாகுளம் அலுவலகத்தில். தினமும் மாலை ஒரு பையன் சிட்டையை எடுத்துக்கொண்டு போட் ஏறிப் போவான். அங்கே அதைப் பார்த்து இரண்டாவது பேரேட்டில் பதிவார்கள்.

பிறகு கணிப்பொறி வந்தது. பேரேடு இருந்த இடத்தில் சர்வர் வந்தது. பையனுடைய வேலை என்னிடம் வந்தது. இரண்டு இடத்திலும் உள்ள ஃபோல்டர்கள் இரவோடு இரவாக ஒன்றுபோல ஆகிவிட வேண்டும் என்றார் முதலாளி. கேட்பதற்கு எளிய வேலை. அதில் நான் கற்றதையும் இழந்ததையும் நம் சங்க நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. வீட்டில் குடும்பப் புகைப்படங்களை இரண்டு கணிப்பொறிகளில் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

நகல் எடுப்பதற்குப் பழைய டாஸ் காலத்திலேயே கட்டளைகள் உண்டு. 'காப்பி' என்று தட்டினால் கோப்புகள் போகும். 1986-இல் வந்த டாஸ் 3.2 பதிப்பில் 'எக்ஸ்காப்பி' சேர்ந்தது; அது உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுத்துப் போகும். விண்டோஸ் என்.டி. நாட்களில் 'ரோபோகாப்பி' வந்தது. பெயரைப் பார்த்து இயந்திர மனிதன் என்று எண்ணிவிட வேண்டாம். 'ரோபஸ்ட்', அதாவது உறுதியான, என்பதன் சுருக்கம் அது. முதலில் தனித் தொகுப்பாகக் கிடைத்தது. விஸ்டா முதல் விண்டோஸுடனேயே வருகிறது.

உறுதி என்றால் என்ன உறுதி? வேறொருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை எடுக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 வினாடி காத்திருந்து மறுபடி முயலும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இப்படி 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 கோடி வினாடி, ஏறத்தாழ 347 நாள்! கிடங்கில் யாரோ ஒரு கோப்பை மூடாமல் வீட்டுக்குப் போய்விட, காலையில் நான் வந்து பார்த்தபோது அந்த ஒரே கோப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து எத்தனை தடவை, எத்தனை வினாடி என்பதை நானே எழுதிவிடுகிறேன். மூன்று தடவை, ஐந்து வினாடி போதும்.

சரி, எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டளைக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே திறந்து படிப்பதில்லை. இரண்டு பக்கமும் கோப்பின் அளவையும், கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் பார்க்கும். இரண்டும் ஒத்திருந்தால் விட்டுவிடும். ஒன்று மாறினாலும் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு சின்னச் சிக்கல். பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட் முறை, நேரத்தை இரண்டு வினாடிக் கணக்கில்தான் குறித்துக்கொள்ளும். அதனால் மாறாத கோப்புகளும் மாறியவைபோலத் தோன்றி, ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாக நகலாகும். ஓரிரு வினாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல இரண்டு கருவிகளிலும் வழி உண்டு.

இரண்டு கருவிகள் என்றேன். மற்றது 'ஆர்சிங்க்'. ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கேரஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்டது. விண்டோஸும் யூனிக்ஸும் ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் 'சாம்பா'வைத் தொடங்கியவரும் இதே டிரிட்ஜெல்தான். மெதுவான இணைப்பில் இரு கணிப்பொறிகள் பேசிக்கொள்வது எப்படி என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அந்தக் கேள்வியின் அருமை அக்கால மோடம் இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நூறு மெகாபைட் கணக்குக் கோப்பு ஒன்று. அதில் இன்று பத்து வரி சேர்ந்திருக்கிறது. ரோபோகாப்பி முழுக் கோப்பையும் அனுப்பும். 64 கிலோபிட் இணைப்பில் அதற்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். பத்து வரிக்கு மூன்றரை மணி! மாறிய பகுதியை மட்டும் அனுப்ப முடியாதா? முடியும். ஆனால் எது மாறியது என்று அறிய இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பக்கத்தில் வைப்பதானால் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இந்த முடிச்சை எங்கள் பழைய கணக்குப்பிள்ளை அண்ணாச்சி எப்போதோ அவிழ்த்திருந்தார். அவர் திருநெல்வேலிக்காரர். எறணாகுளத்துக்கு போன் போட்டு, பேரேட்டைச் சரிபார்க்கும்போது என்னிடம் சொல்வார்: "தம்பி, பக்கம் பூரா வாசிக்காண்டாம். அடிக்கூட்டை மட்டும் சொல்லச் சொல்லு. ஒத்து வந்தா அடுத்த பக்கம்." கூட்டுத்தொகை ஒத்த பக்கங்களைத் தள்ளிவிட்டு, ஒவ்வாத பக்கத்தை மட்டும் வரி வரியாகப் பார்ப்பார்.

ஆர்சிங்க் செய்வதும் இதுவே. எறணாகுளத்தில் இருக்கும் பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 'அடிக்கூட்டு' கணக்கிட்டு அந்த எண்களை மட்டும் மட்டாஞ்சேரிக்கு அனுப்பும். மட்டாஞ்சேரி, தன் புதிய கோப்பில் அதே எண் வரும் இடங்களைத் தேடும். கிடைத்த இடத்துக்கு "உன்னிடம் இருக்கும் பதினேழாவது துண்டை இங்கே போட்டுக்கொள்" என்று குறிப்பு போகும். கிடைக்காத பகுதிக்கு மட்டும் சரக்கே போகும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேரேட்டின் முதல் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரியை இடையில் செருகினால் என்ன ஆகும்? எல்லா வரியும் ஒன்று கீழே இறங்கும். எல்லாப் பக்கத்தின் கூட்டும் மாறிவிடும். அதனால் பக்கம் பக்கமாகப் பார்த்தால் பயனில்லை. ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு துண்டு தொடங்குவதாக வைத்துப் பார்க்க வேண்டும். அத்தனை தடவை முதலிலிருந்து கூட்டினால் விடிந்துவிடும். ஆனால் ஒருமுறை கூட்டிவிட்டால் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. 250, 400, 100 என்று மூன்று வரி; கூட்டு 750. அடுத்த வரி 300. ஒரு வரி கீழே நகர, 250-ஐக் கழித்து 300-ஐச் சேர்த்தால் போதும்: 800. இப்படி ஒரு கழித்தல், ஒரு கூட்டல் என்று கோப்பு முழுவதும் உருண்டுகொண்டே போகலாம்.

வெறும் கூட்டு ஏமாற்றவும் கூடும். 250-உம் 400-உம் இடம் மாறினாலும் கூட்டு அதேதான். அதனால் இருக்கும் இடத்துக்கு ஏற்ப எடை கொடுத்து இன்னொரு கூட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒத்து வந்த துண்டுக்குத்தான், கணக்கிட நேரமெடுக்கும் இன்னும் கடுமையான இரண்டாம் சோதனை. கடைசியில் முழுக் கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. வாசலில் ஒரு காவலர், உள்ளே ஓர் அதிகாரி என்ற ஏற்பாடு.

இதைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆர்சிங்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் அதன் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போய் அந்தப் பக்கம் 'கணக்கு'க்குள் இன்னொரு 'கணக்கு' முளைக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால், இங்கே அழித்தது அங்கேயும் அழிய வேண்டும். அதற்கு ரோபோகாப்பியில் கண்ணாடி என்று பொருள்படும் 'மிரர்' என்பதன் முதல் மூன்று எழுத்தைச் சேர்ப்பார்கள். ஆர்சிங்கில் இரண்டு சிறுகோடு போட்டு 'டிலீட்'. நானும் அப்படியே எழுதி, இரவு பதினொரு மணிக்குத் தானாக ஓடும்படி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி சர்வரின் டிஸ்க் பழுதாயிற்று. எறணாகுளத்தில் நகல் இருக்கிறதே என்று நான் கலங்கவில்லை. புது டிஸ்க் போட்டு, பழைய பெயரிலேயே காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி வைத்தேன். நாளைக் காலை எறணாகுளத்திலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பதினொரு மணிக்குக் கட்டளை ஓடியது. மட்டாஞ்சேரி காலி. எறணாகுளம் அதன் கண்ணாடி. ஆகவே எறணாகுளத்தையும் காலி செய்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இட்ட வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

நிறுவனத்தின் கணக்குகள் ஆடிட்டரிடம் இருந்த பிரதியிலிருந்து பெரும்பாலும் திரும்பி வந்தன. ஆனால் அதே சர்வரின் மூலையில், முதலாளியின் அனுமதியோடு, நம் சங்கத்தின் பழைய ஆண்டுமலர்களை எட்டு மாதமாக ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுக்கு மூன்றாவது பிரதி கிடையாது. பெரும்பாலானவற்றை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். மூன்று மலர்களின் காகிதமோ இதற்குள் மழையில் நனைந்து, பிரித்தால் கிழியும் கட்டியாகிவிட்டிருந்தது. அவற்றில் ஒன்றில் அண்ணாச்சி, தான் கொச்சிக்கு வந்த கதையை எழுதியிருந்தார். இன்று கேட்டு எழுதிக்கொள்ள அவர் இல்லை.

அன்று புரிந்தது இதுதான்: ஒன்றுபோல வைத்திருப்பது வேறு, பத்திரமாக வைத்திருப்பது வேறு. இங்கே நடந்த தவறு அங்கேயும் அப்படியே போய்ச் சேரும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டியது. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் அதில் சிக்கின. அப்படிப் பூட்டப்பட்ட கோப்பும் நம் கருவிக்கு வெறும் 'மாறிய கோப்பு'தான். மறுபக்கம் ஒழுங்காகக் கொண்டு சேர்த்துவிடும்.

இப்போது நான் செய்பவை நான்கு. முதலாவது, எந்தக் கட்டளையையும் முதலில் ஒத்திகையாக ஓட விடுவேன். எதை எடுக்கும், எதை அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டச் சொல்ல இரண்டு கருவிகளிலும் வசதி உண்டு. இரண்டாவது, இத்தனைக்கு மேல் அழிக்காதே என்று ஆர்சிங்குக்கு வரம்பு கட்டுவேன். மூன்றாவது, அழிய வேண்டியவற்றை அழிக்காமல் தேதியிட்ட தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்வேன். நான்காவது, மாதம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி, வேறொரு வீட்டு அலமாரியில் வைப்பேன். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தக் கட்டளையும் எட்டாது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை எவரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி இலவசமாகத் தந்தது. 2005 முதல் ஈழத்து நூல்களை 'நூலகம்' இணையத்தில் சேர்த்து வருகிறது. இன்று அந்த நூல்களின் பிரதி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. அதுதான் நல்ல பாதுகாப்பு.

நம் சங்கத்து மலர்களுக்கும் அது வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் சங்க மலர் ஏதாவது கிடந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருகிறேன். கூடவே ஒரு பிரதியும் உங்களிடம் தருவேன், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் கட்டுரை யாரிடமாவது இருக்கும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.